ஹோஸ் பைப் எட்டாத இடம்

"இதைப் பாக்கவாடா ஒன்றரை மணி நேரம் ரயில்ல வந்தோம்?" என்றான் ரூம்மேட்.

நியாயமான கேள்வி. எங்களுக்கு முன்னால் ஒரு புல்வெளி. அதில் மைல்கல் சைஸில் வட்ட வட்டமாகச் சிமென்ட் கட்டைகள். சுற்றி ஒரு வேலி. டிக்கெட் கவுன்ட்டர் கிடையாது. ஐஸ்கிரீம் வண்டி கிடையாது. எங்களைத் தவிர ஒரு வயதான தம்பதியும் அவர்களுடைய நாயும் மட்டும். நாய்க்கு மட்டும் அந்தக் கட்டைகளில் அபார ஈடுபாடு. ஒவ்வொன்றாக மோப்பம் பிடித்துத் தன் கருத்தையும் பதிவு செய்துகொண்டிருந்தது.

2018 ஜூலை. ஆபீஸ் வேலையாக மூன்று மாதம் லண்டனில் ஜாகை. ஒரு சனிக்கிழமை, 'ஸ்டோன்ஹெஞ்ச் பார்க்காமல் ஊர் திரும்பினால் என்ன சொல்லுவார்கள்?' என்று கிளம்பினோம். வாட்டர்லூ ஸ்டேஷனில் ரயில். சாலிஸ்பரியில் இறங்கி பஸ். ஏம்ஸ்பரி என்ற சின்ன ஊரில் இறங்கி நடை. நேரே ஸ்டோன்ஹெஞ்சுக்கே டூரிஸ்ட் பஸ் இருக்கிறது. ஆனால் 'பக்கத்திலேயே உட்ஹெஞ்ச் என்று ஒன்று இருக்கிறது, இலவசம்' என்று படித்திருந்தேன். இலவசம் என்ற சொல்லுக்குத் தமிழன் எங்கே போனாலும் மரியாதை கொடுப்பான்.

இங்கிலாந்து என்றால் பச்சைப்பசேல் என்றுதானே படித்திருக்கிறோம்? அந்த வருஷம் அப்படி இல்லை. ஜூன், ஜூலை இரண்டு மாதமும் மழை சரியாக இல்லை. புல்லெல்லாம் காய்ந்து, சித்திரை மாசத்துப் பள்ளிக்கூட மைதானம் போல ஆகியிருந்தது. வெள்ளைக்காரர்கள் வெயிலில் சிவந்து, வெந்த இறால் நிறத்தில் நடமாடினார்கள். அந்தக் காய்ச்சல்தான் அன்றைக்குக் கதாநாயகன் என்று அப்போது எனக்குத் தெரியாது.

சரி, உட்ஹெஞ்சுக்கு வருவோம்.

1925 வரை இந்த இடத்தில் ஒரு சாதாரண வயல்தான் இருந்தது. லேசாக மேடு தட்டிய ஒரு வட்டம். ஏதோ பழைய சமாதி மேடு, உழுது உழுது மழுங்கிவிட்டது என்று நினைத்துவிட்டுவிட்டார்கள். ஊர்க்காரர்கள் அதைச் சுற்றி நடந்தார்கள், ஏர் ஓட்டினார்கள், மாட்டை மேய்த்தார்கள். ஒருவருக்கும் ஒன்றும் தோன்றவில்லை.

1925 டிசம்பரில் கில்பர்ட் இன்சால் என்ற விமானப்படை அதிகாரி சாப்வித் ஸ்னைப் என்ற ஒற்றை ஆள் விமானத்தில் இந்தப் பக்கமாகப் பறந்தார். ஆசாமி லேசுப்பட்டவர் அல்ல. முதல் உலகப்போரில் விக்டோரியா கிராஸ் வாங்கியவர். 1915-ல் விமானம் அடிபட்டுக் கீழே இறங்கியது. ராத்திரியோடு ராத்திரியாக, எதிரிக்கு வெளிச்சம் தெரியாமல் மறைத்துக்கொண்டு அதை ரிப்பேர் செய்து, விடிந்ததும் ஓட்டிக்கொண்டு திரும்பியவர். (நம் ஆபீஸில் ப்ரின்ட்டர் ரிப்பேர் ஆனால் நாலு நாள்!)

சுமார் 2,000 அடி உயரத்திலிருந்து கீழே பார்த்தார். உழுத வயலில் ஒரு வட்டம். அதற்குள் வெள்ளை வெள்ளையாகப் புள்ளிகள். தலையைத் திருப்பினால் சுமார் இரண்டு மைல் தள்ளி ஸ்டோன்ஹெஞ்ச். இதையும் அதையும் மாறி மாறிப் பார்த்திருக்கிறார். இரண்டுக்கும் ஜாடை இருக்கிறதே!

விட்டுவிடவில்லை. அடுத்த ஜூலையில், அந்த வயலில் கோதுமை வளர்ந்து நின்றபோது, மறுபடி பறந்து போட்டோ எடுத்தார். கோதுமைக்கு நடுவே வட்டத்துக்குள் வட்டமாகக் கரும்பச்சைப் புள்ளிகள். யாரோ ஸ்கேல் வைத்துப் புள்ளி வைத்த மாதிரி.

மாட் கன்னிங்டன் என்ற அம்மாளும் அவர் கணவரும் 1926 முதல் 1928 வரை தோண்டிப் பார்த்தார்கள். ஒவ்வொரு புள்ளிக்குக் கீழேயும் ஒரு குழி. ஒரு காலத்தில் பெரிய மரத்தூண் நட்டிருந்த குழி. ஒன்றுக்குள் ஒன்றாக ஆறு வட்டங்கள், மொத்தம் 168 குழிகள். ஏறக்குறைய 4,500 வருஷத்துக்கு முந்தைய மர ஸ்டோன்ஹெஞ்ச்! மரம் மக்கிப் போயாகிவிட்டது. தூண் இருந்த இடத்தை நமக்குக் காட்டத்தான் இந்தச் சிமென்ட் கட்டைகள். நடுவே சின்னதாகக் கற்குவியல். அது சுமார் மூன்று வயசுக் குழந்தை ஒன்றின் சமாதி. அதைப் பார்த்ததும் ரூம்மேட் கூடக் கொஞ்ச நேரம் கிண்டலை நிறுத்திவிட்டான்.

கன்னிங்டன் தம்பதி இந்த நிலத்தைத் தங்கள் காசில் வாங்கி நாட்டுக்கே கொடுத்துவிட்டார்கள் என்பதையும் சொல்லிவிட வேண்டும். இல்லாவிட்டால் இலவசம் எங்கிருந்து வந்தது?

"அது சரி, நடந்து போறவனுக்குத் தெரியாதது, பறந்து போறவனுக்கு எப்படிடா தெரியும்?" என்றான்.

"மார்கழி மாசம் வாசல்ல இருபத்தொரு புள்ளிக் கோலம் போட்டிருக்கு. அதுமேல ஒரு எறும்பு நடந்து போவுது. அதுக்கு என்ன தெரியும்? வெள்ளையா கொஞ்சம் மாவு. திங்கலாமா, தூக்கிட்டுப் போகலாமான்னு யோசிக்கும். அம்மா நிமிர்ந்து நின்னு இடுப்புல கைய வெச்சுப் பாத்தாத்தான் அது தாமரை."

இதேபோல ஒரு உதாரணம் இந்தக் கலையின் பிதாமகர் ஓ.ஜி.எஸ். கிராஃபோர்டும் சொல்லியிருக்கிறார். அவர் எடுத்துக்கொண்டது கம்பளமும் பூனையும். கம்பளத்தில் நடக்கும் பூனைக்கு அங்கங்கே கலர்தான் தெரியும். நாற்காலியில் உட்கார்ந்திருக்கும் மனிதனுக்குத்தான் டிசைன் தெரியும். அவருக்குக் கம்பளம், நமக்குக் கோலம்.

"சரிடா, உசரம் புரியுது. கோதுமைக்கு எப்படிரா தெரியும், கீழ குழி இருக்குன்னு?"

நான் படித்ததை ஒப்பிக்க ஆரம்பித்தேன். 'இந்தப் பிரதேசம் பூராவும் சுண்ணாம்புப் பாறை. மேலே கொஞ்சம்தான் மண். ஒருமுறை பாறையை வெட்டிவிட்டால் அது ஆறாத காயம். குழி மண்ணால் நிரம்பிவிடும், ஆனால் மறுபடி பாறையாகாது...' இங்கே வரும்போதே அவன் கையைக் காட்டி நிறுத்திவிட்டான்.

"போதும். புரிஞ்சுடுச்சு. எருக்குழி."

"என்னது?"

"எங்க காட்டுல பழைய எருக்குழி இருந்த எடம். தூத்துப் பல வருஷமாச்சு. சோளம் போட்டா அங்க மட்டும் ஒரு முழம் ஒசந்து கருகருன்னு நிக்கும். மண்ணு ஆழம், ஈரம் தங்கும், வேர் உள்ள போவும். வெயில் காலத்துல மத்ததெல்லாம் வாடினாலும் அது வாடாது. அதே, கீழ பழைய செவுரு கிடந்துச்சுன்னு வெய்யி, அதுக்கு மேல பயிரு குட்டையா நின்னு முதல்ல பழுத்துடும். இதுக்கு எதுக்குடா ஏரோப்ளேன்? எங்க தாத்தாவைக் கேட்டாச் சொல்லியிருப்பாரே!"

பெரம்பலூர் பக்கத்து மானாவாரிக் காட்டுப் பிள்ளை. மாட்டைப் பற்றி, மண்ணைப் பற்றிப் பேசினால் அவனிடம் வாயைக் கொடுக்கக்கூடாது. நூறு வருஷ ஆராய்ச்சியை நாலு வரியில் முடித்துவிட்டான். தொல்லியல்காரர்கள் சொல்வதும் இதுதான். அகழி, குழி இருந்த இடத்தில் பயிர் உயரமாக, பச்சையாக, தாமதமாகப் பழுக்கும். சுவர், தளம் இருந்த இடத்தில் குட்டையாக, வெளிறி, சீக்கிரம் பழுக்கும். நல்ல மழை வருஷத்தில் எல்லாப் பயிருக்கும் தண்ணீர் கிடைத்துவிடுவதால் வித்தியாசம் தெரியாது. பஞ்சம் வந்தால்தான் பூமி உண்மையைப் பேசும்.

இதைத் தவிர இன்னும் இரண்டு வழிகள் உண்டு. காலையிலோ மாலையிலோ சூரியன் சாய்ந்திருக்கும்போது, அரை அடி மேடுகூட நீளமாக நிழல் போட்டுத் தன்னைக் காட்டிக்கொடுக்கும். புதிதாக உழுத வயலில் சுண்ணாம்பு வெள்ளையாகவும் அகழி மண் கறுப்பாகவும் தெரியும்.

சொல்லி முடித்துவிட்டுத் திரும்பினால், ரூம்மேட் சிமென்ட் கட்டை மேல் உட்கார்ந்துகொண்டு செல்போனை நோண்டிக்கொண்டிருக்கிறான். முகம் ஒரு மாதிரி இருந்தது.

"என்னடா?"

"ஒண்ணுமில்ல. தம்பிக்கு ஒரு மெசேஜ் போட்டேன். சித்தப்பா மகன். நம்ம கிணத்து மேட்டை, பஞ்சாயத்துத் தண்ணித் தொட்டி மேல ஏறி ஒரு போட்டோ எடுத்து அனுப்புடான்னு."

கதை இதுதான். அவன் தாத்தா கையால் வெட்டிய கிணறு. கமலை ஓட்டிய கிணறு. தாத்தா போனதும் பாகப் பிரிவினை. கிணற்றுக்குக் கிழக்கே அண்ணனுக்கு, மேற்கே தம்பிக்கு, கிணறு பொது என்று எழுதினார்கள். அப்புறம் போர்வெல் வந்தது, கிணறு வற்றியது, ஒரு ஆடு விழுந்து செத்தது, இரண்டு பேருமாகச் சேர்ந்து தூர்த்தார்கள். அவர்கள் சேர்ந்து செய்த கடைசி வேலை அதுதான். சில வருஷம் கழித்து வேலி போடும்போது சண்டை. 'கிணறு பனை மரத்தை ஒட்டி இருந்துச்சு' என்று அப்பா. 'பனைமரத்துக்கும் கிணத்துக்கும் நடுவுல வண்டி போற வழி இருந்துச்சு' என்று சித்தப்பா. வித்தியாசம் ஏழெட்டு அடி. இந்த ஏழெட்டு அடிக்காகப் பதினோரு வருஷம் பேச்சு வார்த்தை இல்லை. இரண்டு பேரும் விட்டுக்கொடுக்காமல் அந்தத் துண்டு மட்டும் தரிசாகக் கிடக்கிறது.

"அப்பாங்க பேசிக்கறதில்ல. பசங்க நாங்க வாட்ஸப்ல பேசிக்கிறோம்" என்றான். "எந்தக் கல்யாணத்துலயும் ரெண்டு பேரும் ஒரே பந்தியில உக்காந்ததில்லடா."

* * *

உட்ஹெஞ்சிலிருந்து ஸ்டோன்ஹெஞ்சுக்குக் காட்டு வழியாக நடந்தே போகலாம். வழியில் 'குயில் கல்' என்று ஒரு பாறை, படுத்த மாடு மாதிரி தனியாகக் கிடக்கிறது. ஆடுகள் எங்களைப் பார்த்துவிட்டு, 'இதுங்க டிக்கெட் வாங்கற ஜாதி இல்லை' என்பதுபோல முகத்தைத் திருப்பிக்கொண்டன.

நடந்துகொண்டே கிராஃபோர்ட் கதையைச் சொன்னேன். ஆபீஸ் குமாஸ்தாக்கள் எல்லோரும் படம் போட்டு மாட்ட வேண்டிய ஆசாமி அவர். பிறந்தது நம்ம பம்பாயில், 1886-ல். பிறந்த சில நாட்களில் அம்மா இறந்துபோக, மூன்று மாசக் குழந்தையாக இங்கிலாந்துக்கு அனுப்பப்பட்டு அத்தைமார்களிடம் வளர்ந்தவர். முதல் உலகப்போரில் விமானத்தில் பின்சீட்டில் உட்கார்ந்து வேவு பார்த்தார். 1918-ல் ஜெர்மன்காரர்களிடம் மாட்டிக்கொண்டார். போர் முடிந்து 1920-ல் ஆர்ட்னன்ஸ் சர்வே என்ற மேப் போடும் அரசாங்க ஆபீஸில் வேலை. பழைய சின்னங்களை மேப்பில் சரியாகக் குறிக்க வேண்டும். அந்த ஆபீஸின் முதல் தொல்லியல் அதிகாரி.

விமானப்படைப் பையன்கள் பயிற்சிக்காகப் படம் எடுத்துப் பழகுவார்கள். பழகி முடித்ததும் ஃபைலில் போட்டுவிடுவார்கள். அந்த ஃபைல்களை கிராஃபோர்ட் புரட்ட ஆரம்பித்தார். 1921-ல் எடுத்த ஸ்டோன்ஹெஞ்ச் படங்களை 1923-ல் பார்த்தபோது, வயலில் இரண்டு மெல்லிய கோடுகள் இணையாக ஓடுவது தெரிந்தது. ஸ்டோன்ஹெஞ்சிலிருந்து ஏவன் ஆறு வரை போகும் பழைய ஊர்வலப் பாதை அது. ஆரம்பத்தில் கொஞ்ச தூரம் கண்ணுக்குத் தெரியும். மிச்சம் எங்கே போகிறது என்பது உழவில் அழிந்து, யாருக்கும் தெரியாமல் இருந்தது. அது ஃபைலுக்குள் இருந்தது! அந்த செப்டம்பரிலேயே ஒரு நண்பரோடு போய்த் தோண்டினார். படத்தில் கோடு எங்கேயோ, அங்கே அகழி.

"ஆபீஸ்ல பழைய ஃபைலைப் பாத்தே நாலாயிரம் வருஷத்து ரோட்டைக் கண்டுபிடிச்சாரா?"

"ஆமா."

"நம்ம ஆபீஸ்ல பழைய ஃபைலைப் பாத்தா போன வருஷத்து டீ பில்தான் கிடைக்கும்."

அடுத்த வருஷம் இன்னும் ஜோர். அலெக்ஸாண்டர் கெய்லர் என்று ஒரு பணக்காரர். ஆரஞ்சுத் தோல் ஜாம் இருக்கிறதே, மார்மலேட், அதை விற்றுப் பணம் குவித்த குடும்பம். அவர் செலவில் விமானம் வாடகைக்கு எடுத்து, 1924 கோடைக்காலம் பூராவும் இருவரும் தென் இங்கிலாந்தை மேலிருந்து படம் பிடித்தார்கள். 1928-ல் அது புத்தகமாக வந்தது. 1927-ல் கிராஃபோர்ட் 'ஆன்டிக்விட்டி' என்ற தொல்லியல் பத்திரிகையையும் ஆரம்பித்துவிட்டார். இந்தப் பெயரைக் கொஞ்சம் ஞாபகம் வைத்துக்கொள்ளுங்கள். பின்னால் வருகிறது.

ஸ்டோன்ஹெஞ்சை முதன்முதலில் மேலிருந்து படம் எடுத்தது விமானத்திலிருந்தும் அல்ல. 1906-ல் ஷார்ப் என்ற ராணுவ லெஃப்டினன்ட், கயிறு கட்டிய பலூனில் ஏறி எடுத்தார். அந்தப் படத்திலேயே அந்தப் பாதையின் தொடக்கம் கறுப்பாகத் தெரிகிறது.

* * *

ஸ்டோன்ஹெஞ்ச் வந்துவிட்டது. கூட்டமான கூட்டம். கணிசமான டிக்கெட். ரூம்மேட் பவுண்டை ரூபாயாக மாற்றிப் பார்த்துவிட்டு நெஞ்சைப் பிடித்துக்கொண்டான். கற்களைப் பற்றி நான் வர்ணிக்கப் போவதில்லை. கம்ப்யூட்டர் வால்பேப்பரிலேயே நீங்கள் பார்த்துச் சலித்திருப்பீர்கள். நேரில் பிரம்மாண்டம்தான்.

நான் பார்க்க ஆசைப்பட்டது கற்களை அல்ல, கல் இல்லாத பக்கத்தை.

ஸ்டோன்ஹெஞ்சின் வெளிவட்டம் ஒரு பக்கத்தில் அரைகுறையாக நிற்கிறது. அங்கே கல் இருந்து காணாமல் போனதா, அல்லது ஆரம்பத்திலேயே காசு தீர்ந்து கான்ட்ராக்டர் பாதியில் விட்டுவிட்டாரா என்று அறிஞர்கள் வெகுகாலமாக மல்லுக்கட்டினார்கள். தோண்டிப் பார்த்தும், கருவி வைத்துப் பார்த்தும் தீரவில்லை.

2013 ஜூலையிலும் இதே மாதிரி வறட்சி. புல் காயக்கூடாது என்று ஊழியர்கள் ஹோஸ் பைப்பால் தண்ணீர் பாய்ச்சினார்கள். பைப் நீளம் போதவில்லை. வட்டத்தின் ஒரு பக்கத்துக்கு எட்டவே இல்லை. அந்தப் பக்கம் புல் காய்ந்தது. ஒருநாள் ஊழியர் ஒருவர் நடைபாதையில் நின்று பார்க்கிறார். காய்ந்த புல்லில் அங்கங்கே திட்டுத் திட்டாக இன்னும் வெளிறிய இடங்கள். எங்கே? கல் இருந்திருந்தால் எங்கே இருந்திருக்குமோ, சரியாக அங்கே! உடனே ஆள் அனுப்பி அளந்தார்கள், வானிலிருந்தும் படம் எடுத்தார்கள். வட்டம் ஒரு காலத்தில் முழுசாக இருந்திருக்கலாம் என்பதற்கு அது பலமான சாட்சி. கட்டுரை 2014-ல் வெளிவந்தது. எந்தப் பத்திரிகையில்? கிராஃபோர்ட் ஆரம்பித்த அதே 'ஆன்டிக்விட்டி'யில்!

பைப் இன்னும் கொஞ்சம் நீளமாக இருந்திருந்தால் இந்த ரகசியம் வெளியே வந்திருக்காது. எந்த ஸ்டோர் கீப்பர் குட்டை பைப் வாங்கினாரோ, அவருக்கு ஒரு சிலை வைக்கலாம்.

நாங்கள் போன அதே 2018 ஜூலையில், அயர்லாந்தில் நியூகிரேஞ்ச் பக்கத்து வயலில் இரண்டு பேர் ட்ரோன் விட்டுப் பார்த்திருக்கிறார்கள். அதுவரை யாருக்கும் தெரியாத ஒரு பெரிய வட்டம் பயிரில் வரைந்த மாதிரி தெரிந்தது. அடுத்த நல்ல மழைக்கு அது மறைந்துவிடும். அந்தச் சில நாட்களில் மேலே யாராவது இருந்தால்தான் உண்டு.

கொஞ்சம் வருத்தமான விஷயமும் இதில் இருக்கிறது. உழுத வயலில் அகழி கறுப்பாகவும், கரை வெள்ளையாகவும் தெரிகிறது என்று சொன்னேன் அல்லவா? ஏன் தெரிகிறது? கலப்பை அதைச் சுரண்டி மேலே கொண்டுவருவதால். நமக்குக் காட்டுகிற கலப்பைதான் அதைக் கொஞ்சம் கொஞ்சமாகத் தின்றுகொண்டும் இருக்கிறது. பல இடங்களுக்கு இன்று மிச்சம் அந்தப் பழைய போட்டோ மட்டும்தான்.

* * *

திரும்பும் பஸ்ஸுக்காகக் காத்திருந்தபோது ரூம்மேட்டின் செல்போன் சிணுங்கியது.

படம் வந்திருந்தது. தொட்டி மேலிருந்து, சாயங்கால வெயிலில் எடுத்த படம். கீழே காய்ந்த தரிசு, செம்மண் நிறம். நடுவே, யாரோ காம்பஸ் வைத்துப் போட்ட மாதிரி ஒரு பச்சை வட்டம். அருகம்புல். பக்கத்தில் பனைமரம், அதன் நீள நிழல்.

வட்டத்துக்கும் பனைமரத்துக்கும் நடுவில் இடைவெளி. ஒரு மாட்டுவண்டி தாராளமாகப் போகும்.

ரூம்மேட் படத்தைப் பெரிசாக்கினான். சிறிசாக்கினான். திருப்பித் திருப்பிப் பார்த்தான். "சித்தப்பா சொன்னதுதான்டா சரி" என்றான். குரல் இறங்கிவிட்டது.

"இப்ப என்ன பண்ணப் போறே?"

"அப்பாவுக்கு அனுப்பணும்."

"கோவப்படுவாரே?"

"படுவாரு." பஸ் வந்தது. ஏறி உட்கார்ந்தோம். அரை மணி நேரம் அவன் கட்டைவிரல் அந்த அனுப்பும் பட்டனுக்கு மேலேயே நின்றுகொண்டிருந்தது. சாலிஸ்பரி கோபுரம் கண்ணில் பட்டபோதுதான் அழுத்தினான்.

ரயில் லண்டனை நெருங்கும்போது போன் வந்தது. அப்பா. ஊரில் அப்போது ராத்திரி பன்னிரண்டைத் தாண்டியிருக்கும். ஸ்பீக்கரில் போடாமலே எனக்குக் கேட்டது, அப்படி ஒரு குரல்.

"யாருடா எடுத்தது இது?"

"தம்பிதாம்ப்பா. சித்தப்பா மகன்."

கொஞ்ச நேரம் சத்தமே இல்லை. லைன் போய்விட்டதோ என்று அவன் 'அலோ, அலோ' என்றான்.

"இருக்கேன்டா" என்றார் அப்பா. "அந்தத் தொட்டி ஏணி துருப்பிடிச்சுக் கெடக்கு. சின்னப் பையன், அதுல எல்லாம் ஏறச் சொல்லாத. விழுந்து வெச்சா உங்க சித்தப்பனுக்கு யாரு பதில் சொல்றது?" மறுபடி கொஞ்சம் மௌனம். "நான் காலைல அவன் வீட்டுக்குப் போவணும். வெச்சுடறேன்."